சாட்சிகளுக்கு விளங்கும்படி

பாரிசவாதம் தம்பிஐயாவின் வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. கூடவே தமிழையும் கொண்டுபோய்விட்டது என்பது வீட்டாருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஆசுப்பத்திரியில் கிடந்தபோது அவர் வாயில் சத்தமே இல்லை. நீர்வேலிக்குக் கொண்டுவந்து நடு அறையில் கட்டில் போட்டுக் கிடத்திய பிறகு ஒரு காலையில் உறுமல் போல ஏதோ வந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து மனைவி சிவக்கொழுந்து செம்போடு ஓடினாள். படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நின்ற மகள் கமலாவதி கதவடியில் நின்று காது கொடுத்தாள்.

"அம்மா, உது இங்கிலீசு."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"ஐயா இங்கிலீசிலை கதைக்கிறார். பாதி விளங்குது. மிச்சம் கொழகொழவெண்டு போகுது."

சிவக்கொழுந்துவுக்குப் பாதியும் விளங்கவில்லை. கலியாணம் முடித்த புதிதில் அவளும் மலாயாவுக்குப் போனவள்தான். அந்த மழையும் அட்டையும் அவளுக்கு ஒத்துவரவில்லை. கமலாவதி வயிற்றில் இருக்கும்போது கப்பலேறித் திரும்பிவந்தவள், பிறகு போகவில்லை. அவர் அங்கே ரெயில்வேக் கந்தோரில் கிளாக்கராக இருந்தார், லீவு கிடைத்தால் வருவார். வருகிற மனிதர் தமிழில் சோறு கேட்டார், தமிழில் கோபித்தார், தமிழில் போயிட்டு வாறன் என்றார். பென்சனோடு வந்து இந்தப் பத்து வருடமாக வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு இருந்ததும் அதே மனிதர்தான். கந்தோருக்குள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு துரைமாரோடு கதைத்த இன்னொருவனை அவள் கண்டதேயில்லை. இப்போது கட்டிலில் கிடந்தவன் அவன். அவனுக்குத்தான் அவள் சோறு தீத்தினாள், முதுகு துடைத்தாள்.

அவள் தமிழில் சொல்வது அவருக்கு விளங்கியது. திரும்பு என்றால் திரும்பினார். வாயைத் திற என்றால் திறந்தார். பதிலுக்குத்தான் தமிழ் இல்லை.

"கச்சேரியிலை போனால் சிங்களம், வீட்டுக்கு வந்தால் இங்கிலீசு. தமிழுக்கு இனி எங்கையக்கா இடம்?" என்று அவளுடைய தம்பி ஏரம்பு பகிடி விட்டான். அறுபத்தோராம் ஆண்டு அது, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் சிங்களம் மட்டும் என்றாகியிருந்த காலம். அந்தப் பகிடிக்கு எங்கேயும் சிரிப்பு இருந்தது, அந்த வீட்டைத் தவிர.

ஏனென்றால் கமலாவதிக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. ஏறி இறங்கிக் கடைசியாகக் கரவெட்டியில் ஒரு இடம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம், குடிவகை இல்லை, சாதகமும் பொருந்தியது. ஆவணியில் கலியாணம். அதற்கு முன் சிவக்கொழுந்துவின் வாழைத்தோட்டக் காணி மகளின் பேருக்கு எழுதப்பட வேண்டும். அது சிவக்கொழுந்துவின் தாய் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த காணி. ஆனாலும் தேசவழமை என்கிற யாழ்ப்பாணத்துச் சட்டப்படி, கட்டினவளின் காணியைக் கட்டினவன் சம்மதமில்லாமல் எழுத ஏலாது. புருசன் உறுதிப் பத்திரத்தில் ஒப்பம் வைக்க வேண்டும்.

உறுதி எழுதும் நொத்தாரிசு ஆழ்வாப்பிள்ளை வைகாசியில் ஒரு நாள் வந்தார். சாட்சிக்கு ஏரம்புவும், மாப்பிள்ளையின் தாய்மாமன் வினாசித்தம்பியும். வினாசித்தம்பி போஸ்ற்மாஸ்ரராக இருந்து இளைப்பாறியவர். வெள்ளை நாசனல் சட்டை, மடித்த கைலேஞ்சி, மெல்லிய குரல்.

நொத்தாரிசு உறுதியை முழுக்க வாசித்தார். பிறகு கட்டிலடிக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"பென்சனியர், உங்கடை பெண்சாதி தன்ரை சீதனக் காணியை மகளுக்கு எழுதிறா. உங்களுக்குச் சம்மதமோ?"

தம்பிஐயாவின் வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'ங்' என்றும் சொல்லலாம், 'ஹ்' என்றும் சொல்லலாம். கடைவாயால் எச்சில் ஒழுகியது.

"ஓம் எண்டுறார்," என்றான் ஏரம்பு உடனே.

நொத்தாரிசு வினாசித்தம்பியைப் பார்த்தார்.

"தலையும் ஆடினது போலைதான் கிடக்கு. எழுதுங்கோவன்," என்றார் வினாசித்தம்பி. சொல்லிக்கொண்டே லேஞ்சியை எடுத்து மூக்கடியில் வைத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

நொத்தாரிசு மைப்பெட்டியைத் திறந்தார். இடது பெருவிரலை ஒருதரம் அழுத்தினால் முடிந்துவிடும். அந்த லேஞ்சியைத்தான் சிவக்கொழுந்துவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் கதவடியில் நின்று. "உவர் துரைமாருக்குக் கடிதம் எழுதின மனிசன். ஊமையன் மாதிரி உறுமினதுக்கு விரலைப் பிடிச்சு அமத்த நான் விடமாட்டன். இப்ப இவர் சொன்னது ஆருக்கு விளங்கினது? ஒருத்தருக்கும் விளங்கேல்லை. ஒரு மாதம் தாருங்கோ. வடிவாச் சொல்லுவார்."

"அக்கா, சும்மா இரு," என்றான் ஏரம்பு பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு. நாளைக்குக் கரவெட்டியிலை போய்ப் பொம்பிளையின்ரை தேப்பன் ஊமை எண்டு கதைக்கிறதுக்கோ?"

வினாசித்தம்பி லேஞ்சியை மடித்து மடியில் வைத்தார். நொத்தாரிசு மைப்பெட்டியை மெதுவாக மூடினார்.

"நான் எழுத வந்தனான், பிள்ளை. நீதான் சாட்சியளுக்கு முன்னாலை விளங்கேல்லை எண்டு சொல்லிப்போட்டாய். இனி நான் உறுமலுக்கு எழுத ஏலாது. அடுத்தமுறை அவர் வாய் திறந்தால் எனக்கும் விளங்கவேணும், இவையளுக்கும் விளங்கவேணும். தமிழோ இங்கிலீசோ, எனக்கு ஒண்டுதான்."

"சொல்லாட்டில்?" என்று ஏரம்பு கேட்டான்.

"சொல்லாட்டில் கோட்டுக்குப் போகவேணும். மனிசனுக்குப் புத்தி சரியில்லை எண்டு நிறுவிக் கோட்டிலை நீதிபதியிட்டை அனுமதி எடுக்கலாம்."

புத்தி சரியில்லை என்ற சொல் வந்ததும் வினாசித்தம்பி நிமிர்ந்து இருந்ததை எல்லாரும் கண்டார்கள். அதற்குப் பிறகு கோட்டைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அடுத்த நாளே பயிற்சி தொடங்கியது. சிவக்கொழுந்து வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து அவர் நாக்கில் தடவினாள். பிந்திப் பேசுகிற குழந்தைகளுக்குச் செய்கிற வேலை. கமலாவதி பப்பாசி இலைக்காம்பைக் குழலாக வெட்டிக்கொண்டுவந்து, கோப்பைத் தண்ணீரில் ஊதச் சொன்னாள். முதலில் ஊதிய காற்றெல்லாம் வலது கடைவாயால் போனது. அவள் விரலால் அந்தப் பக்கத்து உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குமிழி வந்தபோது தம்பிஐயா சிரித்தார். அரைச் சிரிப்பு.

பிறகு முகம் பார்க்கிற கண்ணாடி. அவள் வாயைக் குவித்து 'பா' என்றாள், அகட்டி 'ஈ' என்றாள், பல்லைச் சேர்த்து 'ஸ்' என்றாள். 'ஸ்' தான் அவரை வதைத்தது. நாக்கு மேலே போகாமல் கிடந்த இடத்திலேயே புரண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலையும் மாற்றாமல், அவள் அந்த ஒரு சத்தத்தோடு மாரடித்தாள். வானொலியில் ஆங்கிலச் செய்தி போகிற நேரம் ஏரம்பு தன் றேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தான். வாசிக்கிறவன் நிறுத்துகிற இடத்தில் கமலாவதி நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுவாள். தம்பிஐயா அவனுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

ஆனி பிறந்து கொஞ்ச நாளில் 'ஸ்' வந்தது. வந்ததும் பின்னால் நின்றதெல்லாம் இடித்துக்கொண்டு வந்தன. ஒரு காலையில் சிவக்கொழுந்து தேத்தண்ணி கொண்டுபோனபோது அவர் அவளைப் பார்த்து, ஒரு சொல்லும் குழையாமல், நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன பிள்ளை சொல்லுறார்? என்னைப் பார்த்தெல்லோ சொல்லுறார்."

கமலாவதி கொஞ்சம் யோசித்தாள். "தங்கள் பணிவுள்ள ஊழியன் எண்டுறார். கந்தோர்க் கடிதத்தின்ரை கடைசி வரி."

"எனக்கோ?"

"ஆருக்கு எண்டு எனக்கென்ன தெரியும்?"

என்றாலும் சிவக்கொழுந்துவுக்குப் பெருமைதான். வேலிக்கு அந்தப் பக்கத்து மீனாம்பிகை வந்து கேட்டுவிட்டு, "அண்ணை வாயைத் திறந்தால் சினிமா துரை தோத்துப்போவான்," என்றாள். வாழைக்குலை வெட்ட வந்தவர்கள் ஜன்னலடியில் நின்று கேட்டார்கள். சிவக்கொழுந்து ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள்.

ஒரு பின்னேரம் கமலாவதி கேள்விகள் கேட்டுப் பார்த்தாள். உறுதிக்கு வேண்டியது ஒரு சொல்தானே.

"ஐயா, உங்கடை பேர் தம்பிஐயாவோ?"

"நோ," என்றார் தம்பிஐயா. மணி அடித்த மாதிரி.

அவள் சிரித்துவிட்டாள். "இது ஆசுப்பத்திரியோ?"

"யெஸ்."

"நான் உங்கடை மகளோ?"

"யெஸ்."

"தேத்தண்ணி வேணுமோ?"

"நோ," என்று சொல்லிக்கொண்டே இடது கையைக் கோப்பைக்கு நீட்டினார்.

கமலாவதி கோப்பையைக் கொடுக்க மறந்துபோய் நின்றாள். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். சிவக்கொழுந்துதான் வாங்கிக் கொடுத்தாள்.

"வடிவாத்தானே சொல்லுறார்? ஏன் பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்?"

"வடிவாச் சொல்லுறார், அம்மா. எதைச் சொல்லுறது எண்டதுதான் அவருக்குப் பிடிபடேல்லை. நினைக்கிறது ஒண்டு, வாயிலை வாறது ஒண்டு."

"எப்பவும் மாறித்தான் வருமோ?"

"எப்பவும் மாறி வந்தால் நான் கேள்வியை மாத்திக் கேப்பன். ஒருக்காச் சரி, ஒருக்காப் பிழை. காசு சுண்டின மாதிரி."

சிவக்கொழுந்து அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பழையபடி கொழகொழவெண்டு கதைக்கச் சொல்லேலாதோ?"

"பழக்கினதை எப்பிடி அம்மா மறக்கப்பண்ணிறது?"

அது உண்மைதான். அன்றிலிருந்து வசம்பும் இல்லை, றேடியோவும் இல்லை. தம்பிஐயாவின் நாக்கு அதையெல்லாம் கணக்கெடுக்கவில்லை. ரெயில் பெட்டிகள் பிந்தியதற்கு விளக்கம் கொடுத்தது, யாரோ ஒருவனின் லீவைச் சிபாரிசு செய்தது, எல்லாம் சுத்தமான உச்சரிப்பில். கமலாவதி 'யெஸ்' என்ற சொல்லை மட்டும் காலையும் மாலையும் அவர் காதில் ஓதினாள். அவள் சொல்ல அவரும் சொன்னார். யெஸ், யெஸ், யெஸ். திருப்பிச் சொல்லும்போது ஒருநாளும் பிழைத்ததில்லை. கேள்வி என்று ஒன்று வந்தால்தான் பிழைத்தது. சிவக்கொழுந்து பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். வேறு என்ன வைக்க அவளிடம் இருந்தது?

இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்று ஏரம்பு சொன்னான். தள்ளவும் விடவில்லை. வினாசித்தம்பியே சைக்கிளில் வந்து இறங்கினார்.

"றோட்டிலை வரேக்கையே கேட்டுது. ஆர் வெள்ளைக்காரன் வந்து நிக்கிறான் எண்டு யோசிச்சன்!" என்றார் முகமெல்லாம் மலர்ந்து. "தங்கச்சி, நீ அண்டைக்குச் சொன்னது சரி. அண்டைக்கு எழுதியிருந்தால் எனக்கும் மனதிலை ஒரு குறை இருந்திருக்கும். வாற வெள்ளி நல்ல நாள். நொத்தாரிசுக்கும் சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

சிவக்கொழுந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். சீனியை இரண்டு தரம் போட்டாள்.

வெள்ளிக்கிழமை தம்பிஐயாவுக்குச் சவரம் எடுத்து, வெளுத்த வேட்டி கட்டி, கட்டிலில் தலையணை அடுக்கி நிமிர்த்தி இருத்தினார்கள். நெற்றியில் திருநீறு. நொத்தாரிசு உள்ளே வந்ததும், "குட் மோர்ணிங், சேர்," என்றார் அவர். ஆழ்வாப்பிள்ளை சிரித்தே விட்டார்.

வினாசித்தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போஸ்ற் ஒப்பீஸை விட்டபிறகு அவருக்கும் ஆங்கிலம் பேச ஆள் கிடைத்திருக்காது. கதிரையை முன்னுக்கு நகர்த்தி மழையைப் பற்றியோ எதைப் பற்றியோ கேட்டார். தம்பிஐயா நிதானமாகப் பதில் சொன்னார். வினாசித்தம்பி தலையாட்டினார். பதில் கேள்வியோடு பொருந்தியதா இல்லையா என்பது சிவக்கொழுந்துவுக்குத் தெரியாது. மகளின் முகத்தைப் பார்த்தாள். கமலாவதி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இங்கிலீசு!" என்றார் வினாசித்தம்பி. "பழைய ஆக்கள் பழைய ஆக்கள்தான். இவரைப் போய் ஆர் கட்டிலிலை கிடக்கிற வருத்தக்காரன் எண்டு சொல்லுவான்?"

நொத்தாரிசு உறுதியை வாசித்து முடித்தார். மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"பென்சனியர், காணியை மகளுக்கு எழுத உங்களுக்குச் சம்மதமோ?"

"நோ," என்றார் தம்பிஐயா.

அந்த அறையில் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சிவக்கொழுந்துவுக்கே தேவைப்படவில்லை.

"கேள்வி விளங்கேல்லைப் போலை," என்றான் ஏரம்பு. கட்டிலடிக்குக் குனிந்தான். "அத்தான், கமலாவின்ரை கலியாணத்துக்கு. கமலாவுக்கு."

"நோ. நோ, சேர்."

சொல்லிக்கொண்டே அவர் இடது கையை நீட்டினார். பெருவிரல் தனியே நிமிர்ந்து நின்றது. மைப்பெட்டியைத் தேடி அந்த விரல் காற்றில் தடவியது. எட்டியபோது தானே அழுத்திக்கொண்டது. கறுத்த விரலை உறுதிக்கு மேலே கொண்டுபோனார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. வாய் மட்டும் அச்சடித்த மாதிரி, "நோ. நோ," என்றது.

நொத்தாரிசு உறுதியை மெல்ல இழுத்து எடுத்துக்கொண்டார்.

"கை ஓம் எண்டுது. வாய் இல்லை எண்டுது. நான் எதை எழுதிறது?"

"ஐயாவுக்கு ரெண்டு சொல்லும் மாறி…" என்று கமலாவதி தொடங்கினாள்.

தொடங்கியதோடு நின்றுவிட்டாள். மிச்சத்தைச் சொன்னால் அது புத்தி சரியில்லை என்ற அந்தச் சொல்லில்தான் போய் முடியும் என்று அவளுக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

வினாசித்தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தார். "மாறியோ? அப்ப இவ்வளவு நேரமும் என்னோடை கதைச்சது ஆர், பிள்ளை?"

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிவக்கொழுந்து, கேள். இவருக்குப் புத்தி தெளிவெண்டால், இவர் மறுத்துப்போட்டார். ரெண்டு சாட்சி கேட்டிருக்கினம். தெளிவில்லை எண்டால், விரலாலை பிரயோசனமில்லை. கோட்டுக்குத்தான் போகவேணும். எது எண்டு நீ சொல்லு."

சிவக்கொழுந்து புருசனைப் பார்த்தாள். பாரிசவாதம் வருமுன் ஒருநாள் இந்தச் சம்பந்தத்தைப் பற்றி அவள் சொன்னபோது, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு, "பாப்பம்," என்று மட்டும் சொன்ன மனிதர். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. பாப்பம் என்றால் ஓம் என்றுதான் அவள் எடுத்தாள். அவர் எதைச் சொன்னாலும் இவ்வளவு காலமும் அவள் அப்படித்தான் எடுத்தாள். இந்தக் கண்ணீர் சொல்ல நினைத்தது வராததால் வந்ததா, சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை என்று வந்ததா? ஆரைக் கேட்பது? கேட்டால் பதில் வரும். நல்ல தெளிவாக வரும்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

வினாசித்தம்பி எழுந்தார். மரியாதையான மனிதர், ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. தமக்கையோடு கதைத்துப்போட்டுச் சொல்லியனுப்புவதாகச் சொன்னார். கட்டிலைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ விடைசொன்னார். தம்பிஐயாவும் முறையாக விடைகொடுத்தார். சைக்கிள் ஒழுங்கையால் போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

சொல்லியனுப்புகிறேன் என்றால் என்ன என்று முப்பது வயதுப் பொம்பிளைப்பிள்ளை உள்ள வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நொத்தாரிசைக் காரடியில் வழியனுப்பப் போன ஏரம்பு திரும்பி வரவேயில்லை. கமலாவதி தேங்காயெண்ணெயும் சீலைத்துண்டும் கொண்டுவந்து தகப்பனின் பெருவிரலில் இருந்த மையைத் துடைத்தாள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

"கோட்டுக்குப் போவமோ, அம்மா?"

"போனால் பைத்தியம் எண்டு எழுதவேணும். எழுதினால் அவையள் வரமாட்டினம்."

"எழுதாட்டிலும் வரமாட்டினம்."

"ஓம்."

கமலாவதி சீலைத்துண்டை மடித்தாள். பிறகும் மடித்தாள். "முதல் நாளே நொத்தாரிசு எழுத வெளிக்கிட்டவர்தானே," என்றாள். தாயைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, திங்களுக்குத் திருத்திக் கொடுக்க வேண்டிய பள்ளிக்கொப்பிகள் கிடக்கின்றன என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிவக்கொழுந்து அடுப்பில் கஞ்சி வைத்தாள். உள்ளே தம்பிஐயா தொடங்கிவிட்டார். யாருக்கோ ஒரு நீண்ட கடிதம், இடையிடையே ஒரு சேர். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே, துடைத்து வைத்த மாதிரி விழுந்தது. ஜன்னலைச் சாத்தலாம் என்று போனாள். வேலிக்கு மேலால் மீனாம்பிகையின் தலை தெரிந்தது.

"கார் வந்து போச்சுதே, எழுதியாச்சோ அக்கா?" என்றாள் அவள். பதிலுக்குக் காத்திருக்காமல் காதைச் சாய்த்தாள். "கேளுங்கோவன், ஒரு சொல்லுப் பிசகேல்லை. நீங்கள் தாயும் மகளும் பட்ட பாடு வீண்போகேல்லை."

"ஓம்," என்றாள் சிவக்கொழுந்து.

கஞ்சி பொங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் போனாள். கோப்பையில் வார்த்து, ஆற்றி, கரண்டியோடு கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் கடிதத்தை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தார்.